அலமாரி யாருடையது?

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வரவு, செலவு என்று இரண்டே கட்டத்தில் அடைத்துவிடுவார். ஷெல்ஃபாரி பற்றி நான் பேச்செடுத்ததும், "சார், கடை அவனுது. திறந்தான், மூடினான். காசு கொடுக்காம உட்கார்ந்து பேசினவங்களுக்கு என்ன கேள்வி கேட்க உரிமை இருக்கு?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பார்க்கில் சிரிப்புப் பயிற்சிக் கோஷ்டி ஆரம்பித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷெல்ஃபாரி என்பது அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2006-ல் தொடங்கிய, புத்தகம் படிக்கிறவர்களுக்கான இணையதளம். என் மகள்தான் எனக்குக் காட்டினாள். திரையில் ஒரு மர அலமாரி, அதில் நாம் படித்த புத்தகங்களின் அட்டைகள் வரிசையாக நிற்கும். அடுத்தவர் அலமாரியையும் எட்டிப் பார்க்கலாம். யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் அவர்கள் புத்தக அலமாரியை மேய்ந்துவிடும் என் போன்ற ஆசாமிக்கு வேறென்ன வேண்டும்! அப்பழுக்கில்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். 2007-ல், உறுப்பினரின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்பு மின்னஞ்சல் பறக்கும்படி வைத்திருந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் வந்தவர்களில் பலர் தங்கினார்கள்.

தங்கி என்ன செய்தார்கள்? நண்பரின் கணக்கில் விட்டுப்போன கட்டம் இதுதான். ஒரு நாவலில் வரும் பாத்திரங்கள் யார் யார், கதை எங்கெங்கே நடக்கிறது, விளங்காத சொல்லுக்கு என்ன பொருள், தொடர் நாவல் என்றால் எதை முதலில் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் உறுப்பினர்களே எழுதிச் சேர்த்தார்கள். ஒருவர் தப்பாக எழுதினால் இன்னொருவர் திருத்துவார். சம்பளமில்லாத வேலை. 2008-ல் அமேசான் அந்தத் தளத்தை வாங்கியது. 2011-ல் கிண்டிலில் எக்ஸ்-ரே என்றொரு வசதி வந்தது. கதையில் வரும் ஒரு பெயரைத் தொட்டால், அவர் யார் என்று அது சொல்லும். அந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? விக்கிப்பீடியாவிலிருந்தும் ஷெல்ஃபாரியிலிருந்தும். காசு கொடுக்காமல் உட்கார்ந்து பேசினவர்கள் எழுதியதுதான் கருவியோடு சேர்ந்து விலைபோனது. மேனேஜர் சார், இது எந்தக் கட்டத்தில் வரும்?

2013-ல் அமேசான் குட்ரீட்ஸையும் வாங்கியது. ஒரே முதலாளிக்கு ஒரே வியாபாரத்தில் இரண்டு கடை எதற்கு? 2016-ல் சின்னதை மூடிவிட்டார்கள். புத்தகப் பட்டியலைப் பெரிய கடைக்கு மாற்றிக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றலாம். திண்ணையை ஏற்ற முடியுமா?

"வியாபாரம்னா அப்படித்தான்" என்பார் நண்பர். அதுவும் சரியில்லை. மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் டிம் ஸ்பால்டிங் என்பவர் 2005-ல் தொடங்கிய லைப்ரரிதிங் இன்னும் நடக்கிறது. ஆரம்ப காலத்தில் 200 புத்தகம் வரை இலவசம், அதற்கு மேல் வருஷத்துக்குப் பத்து டாலர் என்று சந்தா வாங்கினார்கள். அதிலும் அமேசானுக்குக் கொஞ்சம் பங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் கடிவாளம் தொடங்கியவர் கையில்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தது. அடுத்த வருஷமே, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள். வழக்கு போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. வழக்கு போட முடிந்ததே, ஏன்? அது பொதுச் சொத்து. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் போகிறது. ரங்கநாதன் போன்றவர்கள் அலைந்து திரிந்து கொண்டுவர வைத்த 1948-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. ஷெல்ஃபாரியில் ராத்திரி கண்விழித்துப் பாத்திரப் பட்டியல் எழுதினவர் எந்தக் கோர்ட் படி ஏறுவார்?

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. பொது நூலகத்தின் புத்தகப் பட்டியலிலேயே, ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் வாசகர் எழுத நாலு வரி இடம் விடட்டும். வரி கட்டுகிறவன் கேட்கிறேன். கடைக்காரரிடம் கேட்கவில்லை.

இதை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்தச் சிரிப்புக் கோஷ்டி வருவதற்குள் நண்பர் கையில் கொடுத்துவிட வேண்டும்.