தாய்க் கோப்பும் சேய்க் கோப்பும்

வீட்டு விசேஷங்களின் காணொளியைத் தொகுக்கும் வேலை இப்போது பெரும்பாலும் குடும்பத்து இளையவர்கள் தலையில்தான் விழுகிறது. பரிசம், நலங்கு, தாலி கட்டு, இரவு விருந்து என்று ஒரு திருமணத்திற்கே நான்கு நிகழ்ச்சிகள். நான்கையும் ஒரே டைம்லைனில் அடுக்கினால் கணினி திணறும். நூற்றுக்கணக்கான கிளிப்புகளுக்கு நடுவில் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் நமக்கும் பொறுமை போய்விடும்.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனித் திட்டக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்தாவதாக ஒரு கோப்பைத் தொடங்கி, அந்த நான்கையும் சாதாரணக் கிளிப்புகளைப்போல அதில் வரிசையாக வையுங்கள். இதை 'நெஸ்டிங்' என்பார்கள். வெளியே இருப்பதைத் தாய்க் கோப்பு என்றும் உள்ளே இருப்பவற்றைச் சேய்க் கோப்புகள் என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மென்பொருளுக்கு மென்பொருள் இது கொஞ்சம் மாறும். வேகாஸ் புரோவில் ஒரு திட்டக் கோப்பை அப்படியே இழுத்து இன்னொன்றின் டைம்லைனில் போடலாம். இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட்டிலும் ஒரு திட்டத்தைக் கிளிப்பாகத் திறக்கலாம். இன்னோர் இலவச மென்பொருளான கேடென்லைவில் 2023இல் வந்த 23.04 பதிப்பிலிருந்து ஒரே திட்டத்திற்குள் பல டைம்லைன்களை வைத்து, ஒன்றை மற்றொன்றுக்குள் போடும் வசதி இருக்கிறது. பிரீமியர் புரோவில் 'சீக்வென்ஸ்', ஃபைனல் கட் புரோவில் 'காம்பவுண்ட் கிளிப்'. டாவின்சி ரிசால்வில் ஒரு டைம்லைனையே இன்னொன்றுக்குள் இழுத்து வைக்கலாம். பிரீமியர் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறொரு திட்டத்திலிருந்து சீக்வென்ஸை இறக்குமதி செய்தால் அங்கே வருவது நகல்தான். மூலத் திட்டத்தில் பிறகு செய்யும் மாற்றம் இங்கே வராது.

பெயர் எதுவானாலும் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். தாய்க் கோப்புக்குள் சேய்க் கோப்பு உண்மையில் இல்லை. அதன் முகவரி மட்டுமே இருக்கிறது. ஷாட்கட் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். படமோ ஒலியோ எதுவும் இருக்காது. எந்த டிரைவில், எந்தப் பெட்டியில், எந்தக் கிளிப்பை, எத்தனையாவது நொடியிலிருந்து காட்ட வேண்டும் என்ற குறிப்புகள்தான் வரிசையாக இருக்கும். உங்கள் கிளிப்புகள் பல ஜிகாபைட் இருந்தாலும் திட்டக் கோப்பு மிகச் சிறியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முகவரியாக இருப்பதில் பெரிய இலாபம் உண்டு. மணமகளின் பெயரில் ஒரு 'ன்' வரவேண்டிய இடத்தில் 'ண்' வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முழுப் படம், மண்டபத் திரையில் ஓடும் 5 நிமிடத் தொகுப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பும் 1 நிமிடத் துண்டு, மூன்றிலும் அதே பெயர்ப் பலகை. பலகை ஒரு சேய்க் கோப்பாக இருந்தால், அங்கே ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தால் போதும். மூன்று தாய்க் கோப்புகளிலும் பெயர் சரியாகிவிடும்.

இந்த இலாபத்திற்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. என் அக்காள் மகள் சில மாதங்களுக்குமுன் கேட்ட ஒரு கேள்வி அதை நன்றாகக் காட்டியது. தன் அப்பா வழிப் பாட்டியின் 80ஆவது பிறந்தநாளுக்கு வேகாஸில் ஒரு படம் செய்திருந்தாள். பழைய புகைப்படங்கள், தோட்டத்து வாழ்க்கையைப்பற்றிப் பாட்டி பேசியது, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் வாழ்த்து என்று மூன்று சேய்க் கோப்புகள். பிறகு அவளுடைய அத்தை மகனின் 21ஆவது பிறந்தநாள் வந்தது. அதற்கான படத்திலும் அந்த வாழ்த்துப் பகுதியைச் சேர்த்தாள். இடைப்பட்ட காலத்தில் அத்தையும் அவர் கணவரும் பிரிந்துவிட்டார்கள். மண்டபத் திரையில் அவர் முகம் வரவேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார்.

"மாமா, வாழ்த்துக் கோப்பில் அந்த 12 நொடியை எடுத்துவிட்டால் போதும்தானே?" என்று அக்காள் மகள் கேட்டாள்.

போதும்தான். ஆனால் அந்தக் கோப்பைப் பாட்டியின் படமும் பயன்படுத்துகிறது. அந்த 12 நொடியில் இருப்பது அப்பாவும் மகனும் சேர்ந்து நின்று பாட்டியை வாழ்த்தும் காட்சி. சேய்க் கோப்பில் அதை நீக்கினால் பாட்டியின் படத்திலும் அது போய்விடும். ஏற்கெனவே எம்பி4 ஆக வெளியேற்றிய படம் மாறாது என்பது உண்மை. ஆனால் இன்னும் சில ஆண்டுகள் கழித்து, புதுத் தொலைக்காட்சிக்கு ஏற்ற அளவில் பாட்டியின் படத்தை மறுபடி வெளியேற்றுகிறோம் என்றால், அதில் அப்பா இருக்கமாட்டார். யாரும் உடனே கவனிக்கவும் மாட்டார்கள். அந்தப் பையன் ஒருநாள் தேடும்போதுதான் தெரியும்.

அவளுக்குச் சொன்ன வழி எளிதானது. வாழ்த்துக் கோப்பைத் திறந்து, எதையும் தொடுவதற்குமுன் 'சேவ் ஆஸ்' கொடுத்து 'வாழ்த்து_21' என்று வேறு பெயரில் சேமிக்க வேண்டும். புதுப் பெயரில் உள்ளதில் மட்டும் மாற்ற வேண்டும். பிறந்தநாள் படத்தின் தாய்க் கோப்பில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். கிளிப்புகள் நகலாவதில்லை, முகவரிப் பட்டியல் மட்டும் நகலாகிறது என்பதால் இடமும் அதிகம் பிடிக்காது. ஃபைனல் கட் புரோவில் இதற்கென்றே 'ரெஃபரன்ஸ் நியூ பேரண்ட் கிளிப்' என்ற கட்டளை இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னேன். அந்த 12 நொடியை வெட்டி எறியாமல், அதே 12 நொடிக்கு வேறொரு காட்சியை வைக்கச் சொன்னேன். சேய்க் கோப்பின் நீளம் மாறினால் தாய்க் கோப்பு தன் வெட்டுகளைத் தானாகச் சரிசெய்துகொள்ளாது. உள்ளே குறைந்தால் வெளியே வாலில் கறுப்புத் திரை வரலாம். உள்ளே கூடினால் கடைசிக் காட்சி வெளியே தெரியாமலே போகலாம். பாட்டியின் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் கேக் வெட்டும் காட்சி சரியாக 12 நொடிக்குப் பொருந்தியது. மண்டபத்தில் அத்தைக்குச் சங்கடம் இல்லை. பாட்டியின் படத்தில் பையனின் அப்பாவும் அப்படியே இருக்கிறார்.

ஒரு கோப்பைத் திருத்துவதற்குமுன் அது வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் மாற வேண்டிய பிழையா, அல்லது இந்த ஓர் இடத்திற்கு மட்டுமான விருப்பமா? பிழை என்றால் மூலத்தைத் திருத்துங்கள். விருப்பம் என்றால் நகல் எடுத்துத் திருத்துங்கள்.

மற்ற கவனங்களும் உண்டு. தாய், சேய், கிளிப்புகள், இசை எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் பெட்டிகளின் பெயரை மாற்றாதீர்கள். வெளி டிரைவை வேறு கணினியில் செருகும்போது 'ஈ' டிரைவ் 'எஃப்' ஆனால்கூட முகவரி தவறிவிடும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது எல்லாக் கோப்புகளிலும் ஒன்றாக இருக்கட்டும். கைப்பேசிகள் பெரும்பாலும் 30இல் எடுக்கும். கேமராக்காரர் 25இல் எடுத்திருப்பார். எது என்று முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு அடுக்குக்குமேல் போகாதீர்கள். சேய்க்குள் சேய், அதற்குள் இன்னொன்று என்று போனால், எங்கே எது உடைந்தது என்று கண்டுபிடிக்கவே ஒருநாள் ஆகும்.

கடைசியாக, திட்டக் கோப்பை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுப் படம் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் இரண்டை மாற்றாமல் வையுங்கள்: தேதியுடன் பெயரிட்ட எம்பி4 படம் ஒன்று, அசல் கிளிப்புகள் அனைத்தும் உள்ள பெட்டி ஒன்று. ரிசால்வ் பயன்படுத்துவோருக்குத் திட்டத்தையும் கிளிப்புகளையும் ஒன்றாகக் கட்டித் தரும் 'புரோஜெக்ட் ஆர்க்கைவ்' வசதி இருக்கிறது. இரண்டையும் வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு டிரைவில் ஒவ்வொரு பிரதி வைத்தால் இன்னும் நல்லது. மென்பொருள் மாறலாம், திட்டக் கோப்பு திறக்காமல் போகலாம். அசல் கிளிப்புகள் இருந்தால் பாட்டியின் பேச்சை எப்போதும் மறுபடி தொகுத்துக்கொள்ளலாம்.