நாம் எழுதாமல் விட்ட கல்லோயாச் செய்தி

இன ஐக்கியம் என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவைகள் அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜனாதிபதிகளின் சுதந்திர தின உரைகள், பிரதமர்களின் வெசாக், தீபாவளி, ரமழான் வாழ்த்துச் செய்திகள், வெளிநாட்டு இராஜதந்திரிகளின் விருந்துபசார உரைகள் என்று எல்லாவற்றிலும் அது தவறாமல் இடம்பெறும். நல்லிணக்கத்துக்கென்று அமைச்சுகளும் ஆணைக்குழுக்களும் செயலகங்களும்கூட வந்து போய்விட்டன. அவற்றைப் பற்றி வேண்டிய அளவுக்கு எழுதியாகிவிட்டது. இன்று நான் எழுத விரும்புவது, பணியில் இருந்த காலத்தில் எழுதியிருக்க வேண்டிய, ஆனால் எழுதாமல் விட்ட ஒரு செய்தியைப் பற்றியதாகும்.

கல்லோயா என்றதும் தமிழ் வாசகர்களின் மனதில் தோன்றுவது குடியேற்றத் திட்டம்தான். பட்டிப்பளை ஆறு என்று எம்மவர்கள் அழைத்துவந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரும் நீர்த்தேக்கத்தை அமைத்து, அதன் கீழ் சிங்கள விவசாயிகள் பெருமளவில் குடியேற்றப்பட்ட வரலாறு கிழக்கின் இனவிகிதாசாரத்தையே மாற்றியது. 1956 யூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, சுதந்திர இலங்கையில் தமிழருக்கு எதிரான முதலாவது பெரும் வன்செயல் வெடித்ததும் இந்தப் பள்ளத்தாக்கில்தான். நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஆகவே கல்லோயாவை ஐக்கியத்துக்கு உதாரணமாக எவராவது காட்டினால் எமக்குச் சிரிப்பும் சினமும் ஒன்றாக வருவதில் வியப்பில்லை. எனக்கும் அப்படித்தான் வந்தது.

எழுபதுகளின் இறுதியில் கல்லோயா இடதுகரை வாய்க்கால் திட்டம் மிக மோசமாகச் சீரழிந்துபோயிருந்தது. மதகுகளின் கதவுகள் உடைக்கப்பட்டிருந்தன. கிளை வாய்க்கால்கள் மண் மூடிக் கிடந்தன. தலைமடையில் இருந்த சிங்கள விவசாயிகள் தேவைக்கு மேல் நீரைப் பாய்ச்ச, கடைமடையில் மண்டூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளின் வயல்களுக்கு நீர் வருவது அரிதாகிவிட்டது. தண்ணீர்ப் பிணக்கு ஒன்று இனப்பிணக்காக மாறுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. மேலே இருப்பவன் ஓர் இனம், கீழே இருப்பவன் வேறு இனம். இடையில் நீர்ப்பாசனத் திணைக்களம். அதன் அதிகாரிகளை விவசாயிகள் நம்புவதில்லை; விவசாயிகளை அதிகாரிகள் மதிப்பதில்லை.

இந்நிலையில், அமெரிக்க உதவியுடன் திட்டத்தைப் புனரமைக்கும் வேலை ஆரம்பித்தபோது, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பரிசோதனையில் இறங்கின. 1981 ஆம் ஆண்டில் முப்பது பேரளவிலான இளைஞர், யுவதிகளைத் தெரிவுசெய்து கிராமங்களில் தங்கவைத்தார்கள். பெரும்பாலும் வேலை கிடைக்காத பட்டதாரிகள். அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை, விநியோகிப்பதற்குப் பணமும் இல்லை. விவசாயிகளுடன் வாய்க்கால் ஓரமாக நடந்து, "இந்த இடத்தில் என்ன பிரச்சினை, இதை நீங்களே செய்து முடிக்க என்ன வழி?" என்று கேட்பதே அவர்களுடைய பணி.

சங்கம் அமைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிந்து, படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பும் எமது வழமையான நடைமுறை அங்கு தலைகீழாக்கப்பட்டது. முதலில் வேலை, பின்னரே அமைப்பு. ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடி, மண் மூடிய வாய்க்காலைச் சிரமதானம் மூலம் துப்புரவாக்கின. பிரதிநிதி ஒருவர் தேவைப்பட்டபோது வாக்கெடுப்பு நடத்தவில்லை. எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் ஒருவரை இணக்கத்தின் மூலம் தெரிவு செய்தார்கள். கட்சி அரசியல் வாய்க்கால் கரைக்கு வரக்கூடாது என்பது எழுதப்படாத விதி. ஊதியம் கிடையாது.

அந்த ஆண்டில் நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவு. விவசாயிகள் அடித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு. ஆனால் சில வாரங்களுக்குள்ளாகவே தலைமடை விவசாயிகள் முறை வைத்து நீர் பாய்ச்சத் தொடங்கினார்கள். மிச்சப்படுத்திய நீரைக் கீழே விட்டார்கள். அதே 1981 ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாணத்தில் பொதுநூலகம் எரிக்கப்பட்டது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நூலகத்தை எரித்த நாட்டிலேயே, முன்பின் தெரியாத தமிழ் விவசாயியின் வயலுக்குச் சிங்கள விவசாயி மதகைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். இரண்டும் உண்மை. நாம் ஒன்றை மாத்திரமே எழுதினோம்.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. ஆசிரியர் நியமனமோ வேறு அரசாங்க வேலையோ கிடைத்ததும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். (அரசாங்க உத்தியோகத்தின் மீது எம்மவர்களுக்கு உள்ள மோகம் எந்த இனத்தவருக்கும் குறைந்ததல்ல.) 1983 வந்தது, போர் வந்தது. ஆனாலும் விவசாயிகள் உருவாக்கிய அமைப்புகள் முற்றாக அழிந்துவிடவில்லை. நீர்ப்பாசன முகாமைத்துவத்தில் விவசாயிகளின் பங்கேற்பை 1988 இல் அரசாங்கம் தேசியக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

என்னை வியக்க வைத்தது 1997 ஆம் ஆண்டு நிகழ்வாகும். அந்த ஆண்டின் சிறுபோகத்துக்கு நீர்த்தேக்கத்தில் போதிய நீர் இருக்கவில்லை. இடதுகரையில் சுமார் 65,000 ஏக்கர் வயல்கள் இருக்க, 15,000 ஏக்கருக்கு மாத்திரமே நீர் வழங்க முடியும் என்று அதிகாரிகள் கணித்தார்கள். அப்படியானால் தலைமடையில் இருப்பவர்கள் விதைப்பார்கள், கடைமடையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விவசாயிகளின் அமைப்புகள் அதற்கு இணங்கவில்லை. இருக்கிற நீரை முழுப் பரப்புக்கும் பங்கிட்டுக்கொள்கிறோம் என்று வாதாடி, அவ்வாறே செய்தார்கள். விளைச்சல் வழமையைவிடக் குறையவில்லை, கூடியது. தலைமடையில் சிங்களவர், கடைமடையில் தமிழர் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டுக்குள்தான் இது நடந்தது. இந்தப் பரிசோதனையில் ஆரம்பம் முதலே ஈடுபட்டவரான கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப், 1992 இல் கல்லோயா அனுபவத்தை ஒரு நூலாகவே எழுதியிருந்தார். 1997 நிகழ்வைப் பின்னர் சி.எம். விஜயரத்னவுடன் இணைந்து 2000 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையாகப் பதிவு செய்தார். நான் அதை வாசித்தது ஓய்வுபெற்ற பின்னரே.

1997 இல் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கொழும்பில் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்து, வன்னியில் ஆரம்பித்த ஜயசிக்குறு படை நடவடிக்கை பற்றிய தலைப்புகளை நள்ளிரவு வரை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அது தவறல்ல, எழுத வேண்டியதுதான். ஆனால் அம்பாறையில் இருந்து எவராவது, "சிங்கள விவசாயிகள் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள்" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அதை நான் பிரசுரித்திருப்பேனா? நேர்மையாகச் சொல்வதானால், உள்பக்கத்தில் நான்கு வரிகளில் போட்டிருப்பேன். இடம் போதாவிட்டால் அதையும் எடுத்திருப்பேன். வாய்க்காலை வெட்டி மறித்துச் சண்டையிட்டு ஒருவர் இறந்திருந்தால் முன்பக்கம். பத்திரிகைத்துறையில் நாம் கற்ற செய்தியின் இலக்கணம் அதுதான்.

உடனே ஒரு கேள்வி எழும். வாய்க்காலில் காட்டிய இணக்கம் போரைத் தடுத்ததா? அதிகாரப் பகிர்வுக்கு அது பதிலாகுமா? ஆகாது. இனப்பிரச்சினைக்கு அரசியல் தீர்வு வேண்டும் என்பதில் எனக்கு இம்மியளவும் மாற்றுக் கருத்து இல்லை. கீழ்மட்ட ஒத்துழைப்பைக் காட்டி மேல்மட்டத் தீர்வைத் தட்டிக்கழிப்பவர்களையும் நிறையவே கண்டிருக்கிறேன். ஆனால் அரசியல் தீர்வு வரும் வரை வடிகாலைத் துப்புரவாக்குவதில்லை என்று எவரும் சத்தியம் செய்யவில்லை அல்லவா? தீர்வு ஒன்று வந்தாலும், அதை நாளாந்தம் நடைமுறைப்படுத்தப் போவது ஊரில் இருப்பவர்களே. ஒன்றாக இருந்து முடிவெடுத்துப் பழகாதவர்கள் அன்றைக்கு மாத்திரம் எப்படிப் பழகுவார்கள்?

அதற்கான களம் சட்டத்திலேயே இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, நிதியும் கொள்கை வகுத்தலும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடல் ஆகிய துறைகளுக்குக் குழுக்களை அமைக்க இடமளிக்கிறது. அவற்றில் உறுப்பினர்களோடு அப்பிரதேசத்தில் வசிக்கும் சாதாரண மக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தேர்தலில் நிற்க வேண்டியதில்லை, கட்சியில் சேர வேண்டியதில்லை. இப்படியொரு ஏற்பாடு இருப்பதை நான் பேசிப் பார்த்த உறுப்பினர்களில் அநேகர் அறிந்திருக்கவில்லை. 8,000க்கும் மேற்பட்ட உள்ளூராட்சி உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் நாடு இது. 2023 மார்ச் 9 இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று ஒத்திவைக்கப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம். இரண்டு வருடங்களுக்கு மேல் சபைகளே இல்லாதிருந்ததை மக்கள் பெரிதாக உணரவில்லை என்பதுதான் எனக்குக் கவலை தந்தது. சபை இருந்தபோதும் அதில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லையே.

நான் இப்போது வசிக்கும் இடத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு வடிகால் ஓடுகிறது. தமிழர்கள் வாழும் வீதியில் ஆரம்பித்து முஸ்லிம்கள் வாழும் வீதியைக் கடந்து களப்பில் விழுகிறது. மாரியில் நீர் நிரம்பினால், கீழே அடைத்துவிட்டார்கள் என்று மேலே இருப்பவர்களும், மேலே இருந்து குப்பை கொட்டுகிறார்கள் என்று கீழே இருப்பவர்களும் பேசிக்கொள்வார்கள். பேச்சில் இரண்டாவது வாக்கியத்திலேயே இனத்தின் பெயர் வந்துவிடும். 12 ஆம் பிரிவின் கீழ் சுற்றாடல் குழு ஒன்றை அமைக்கும்படி சபைக்குக் கடிதம் எழுதினேன். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அந்த வாசகத்தின் பொருள் என்னவென்று நாற்பது வருடங்கள் பத்திரிகையில் இருந்தவனுக்குத் தெரியாமலில்லை.

பள்ளிவாசல் நிருவாக சபையைச் சேர்ந்த வயதானவர் ஒருவரிடமும், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவரிடமும் கல்லோயாக் கதையைச் சொன்னேன். ஆசிரியை, "அப்போ சங்கம் ஒண்டும் வேண்டாம், முதல்ல நடந்து பாப்பம்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சந்தைப் பின்வாசலில் இருந்து களப்பு வரை மூவரும் நடக்கப் போகிறோம். கையில் கொப்பியும் பேனையும் கொண்டுவரும்படி பெரியவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.