உட்கார்ந்து ஆடினாலும் நடனம்தான்

பரதநாட்டியம் என்றாலே அரைமண்டி. முட்டி மடங்காதவர் என்ன செய்வார்? கடைசி வரிசையில் உட்கார்ந்து பேத்தி ஆடுவதைப் பார்ப்பார். அவ்வளவுதான். வயது ஏறினாலோ உடம்பு ஒத்துழைக்காவிட்டாலோ ஆட்டம் என்பது அடுத்தவர் வேலை என்றாகிவிடுகிறது. யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை... தானாகவே அப்படி ஆகிப்போனது.

2001-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வகுப்பு தொடங்கியது. அங்கே பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கான அமைப்பை நடத்திவந்த ஓலி வெஸ்ட்ஹைமர், மார்க் மாரிஸ் நடனக் குழுவிடம் போய் உதவி கேட்டார். அவர் கேட்டது சிகிச்சை அல்ல, உடற்பயிற்சியும் அல்ல. நிஜமான நடன வகுப்பு.

ஏன் நடனக் கலைஞரிடம் போக வேண்டும்? பார்க்கின்சன் வந்தவருக்கு மூளையில் டோபமைன் குறைகிறது. யோசிக்காமலே நடந்துகொண்டிருந்தவர் இப்போது ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுத்துவைக்க வேண்டும். சில சமயம் வாசற்படியில் கால் அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும். தாளம் கேட்டால் பலருக்கு அந்தக் கால் நகர்கிறது. அசைவை யோசித்துச் செய்வது, தாளத்தில் தொற்றிக்கொள்வது, அடுத்த அடியை மனதில் முதலில் பார்ப்பது என இதெல்லாம் நடனக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பழகும் தொழில் அல்லவா! டாக்டருக்கு நோய் தெரியும். இவர்களுக்கு அசைவு தெரியும்.

வகுப்பு நாற்காலியில் தொடங்கும். இசை நேரிலேயே வாசிக்கப்படும். பிறகு முடிந்தவர்கள் எழுந்து கம்பியைப் பிடித்து ஆடுவார்கள், அப்புறம் அறையைக் குறுக்கே கடப்பார்கள், கடைசியில் வட்டமாகக் கைகோர்ப்பார்கள். உடன் வந்த கணவரோ மனைவியோ மகளோ சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை, அவர்களும் ஆடலாம். இந்த வகுப்பு இப்போது பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. புனேயிலும் ஹ்ரிஷிகேஷ் பவார் நடத்தியிருக்கிறார்.

"இதனால் என்ன பலன்?" என்ற கேள்வி உடனே வரும். 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. 75 வயது தாண்டிய 469 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்தார்கள். உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்புகொண்டிருந்தது. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. மறதி எட்டிப்பார்க்கும்போதே சிலர் ஆடுவதை நிறுத்தியிருக்கலாம் இல்லையா?

நடனத்தை மருந்தாக விற்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இத்தனை பேர் விழுந்தார்கள், இத்தனை பேர் விழவில்லை என்று மட்டும் கணக்குப் பார்த்தால், மலிவான மாத்திரை வந்த நாளில் வகுப்பை இழுத்து மூடிவிடுவார்கள். கலைக்கு அந்தக் கணக்கு பிள்ளைகள் விஷயத்தில் கேட்கப்படுவதில்லை. எட்டு வயதுக்காரியின் சலங்கை பூஜைக்குச் செலவு செய்யும்போது ரத்த அழுத்தம் குறைந்ததா என்று யார் கேட்கிறார்கள்? :-)

செலவும் பெரிதில்லை. ஒரு கூடம், கைப்பிடியும் சக்கரமும் இல்லாத நாற்காலிகள், ஓர் ஆசிரியர், முடிந்தால் ஒரு வாத்தியக்காரர். உண்மையான செலவு வேறு இடத்தில். வீட்டிலிருந்து ஆட்டோ, வாசலில் சாய்தளம், நுழையக்கூடிய கழிப்பறை. இவை இல்லாவிட்டால் "எல்லோரும் வரலாம்" என்ற பலகை நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான்.

ஊனமும் நடனமும் என்றால் நம்மூரில் உடனே வரும் பெயர் சுதா சந்திரன். 1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பின் ஒரு காலை இழந்தவர், ஜெய்ப்பூர் காலோடு மேடைக்குத் திரும்பினார். பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் சாதிக்காதவர்களும் ஆட வேண்டாமா? சுமாராக ஆடும் உரிமை 20 வயதுக்காரருக்கு இருக்கிறது, 70 வயதுக்காரருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும்தான் இல்லை. அவர்கள் ஆடினால் ஒன்று கண்ணீர், இல்லாவிட்டால் சிரிப்பு.

இத்தனைக்கும் பதங்களுக்கு உட்கார்ந்தபடி அபிநயம் பிடிப்பது பழைய வழக்கம்தான். கண்ணும் புருவமும் விரல்களும் போதும், அரைமண்டி தேவையில்லை. விஜயதசமி அன்று ஐந்து வயதுக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் நடனப் பள்ளிகள், அதே நாளில் பாட்டிகளுக்கும் ஒரு வகுப்பு தொடங்கலாம். வாரம் ஒரு மணி நேரம், தரைத்தளத்தில்.