அந்தக் குதிரை அடம் பிடிக்கவில்லை

சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூர் பக்கம் நடந்த ஒரு சிறிய குதிரையேற்றப் போட்டிக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். அன்றுதான் முதன்முறையாகப் போட்டிக்கு வந்திருந்த ஒரு பழுப்புக் குதிரை, திடலின் வாசலிலேயே நின்றுவிட்டது. வேலியில் கட்டியிருந்த விளம்பரத் துணி காற்றில் படபடத்தது. ஒலிபெருக்கியில் யாரோ பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். குதிரை மேல் இருந்த பெண்ணுக்குப் பதினான்கு, பதினைந்து வயதிருக்கும். அவள் குதிகாலால் உந்தினாள். குதிரை இரண்டடி பின்னால் போனது. "ரொம்ப அடம் பிடிக்குது. நாலு போட்டா தானா போகும்," என்றார் என் பக்கத்தில் நின்றவர். சாட்டை இரண்டு முறை விழுந்தது. குதிரை உள்ளே போனது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன். தட்டியிருக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

அடம் பிடிப்பவனுக்கு, தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பது தெரியும். தெரிந்தே மறுக்கிறான். அந்தக் குதிரையின் மூளை அப்போது வேறு வேலையில் இருந்தது. புல்வெளியில் மேய்ந்து, பிற விலங்குகளுக்கு இரையாகிவந்த இனம் அது. புதருக்குள் ஏதோ அசைந்தால், நின்று ஆராய்ந்த குதிரையைவிட ஓடிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்த்த குதிரையே பெரும்பாலும் உயிர் பிழைத்தது. நாம் இன்று பார்ப்பவை அப்படிப் பிழைத்தவற்றின் சந்ததிகள். படபடக்கும் துணிக்கும் பாயவரும் விலங்குக்கும் உள்ள வேறுபாட்டை அவை பிறவியிலேயே அறிந்திருப்பதில்லை. அதைக் கற்க வேண்டும்.

போட்டித் திடல் அதன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் இருப்பதால், ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சம், அவ்வளவுதான் தெரியாத இடம். அதாவது நாம் கவனிக்காத குடை, ஓடும் குழந்தை, பறக்கும் பிளாஸ்டிக் பை எல்லாம் ஒரே நேரத்தில் அதன் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. நமக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; குதிரைக்கு 33,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். நிறங்களை மட்டும் அது நம்மைவிடக் குறைவாகவே பிரித்தறியும். பிரிட்டனில் தடைதாண்டும் பந்தயங்களில் தடைகளின் விளிம்புகளுக்குப் பல காலம் ஆரஞ்சு வண்ணம்தான். நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் அந்த வண்ணம் குதிரைக்கு அப்படித் தெரிவதில்லை என்று எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்ன பிறகு, 2022 முதல் அதை வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள். குதிரைக்காகச் செய்வதைக்கூட நம் கண்ணை வைத்தே செய்கிறோம்!

சரி, பயத்தை எப்படிப் போக்குவது? என் கருத்துக்கு அடிப்படையாக இருப்பது டென்மார்க்கில் நடந்து 2006ல் வெளியான ஓர் ஆய்வு. இரண்டு வயதுள்ள 27 ஆண் குதிரைகள். அவற்றைப் பயமுறுத்தும் பொருள் ஒரு பெரிய வெள்ளை நைலான் பை. குதிரைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு, அசையும் பையை முழுதாகவே காட்டி, பயம் தணியும்வரை தொடர்ந்தார்கள். இரண்டாவது குழுவுக்குச் சிறுசிறு படிகளாக அறிமுகப்படுத்தினார்கள். ஒரு படியில் குதிரை அமைதியான பிறகே அடுத்த படி. மூன்றாவது குழுவில், பையைத் தீனியோடு சேர்த்துப் பழக்கினார்கள். இரண்டாவது குழுவே மிகக் குறைந்த தடவைகளில் கற்றுக்கொண்டது. அந்தக் குழுவில் எல்லாக் குதிரைகளும் இறுதியில் பழகிவிட்டன. மற்றக் குழுக்களில் சில குதிரைகள் பழகவேயில்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியம். குதிரைகள் வெளியே பயத்தைக் காட்டுவதை நிறுத்திய பிறகும், இதயத்துடிப்பில் மாற்றம் தெரிந்தது. வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே நீங்கள் நேராக, அசையாமல் நிற்பதில்லையா? பார்ப்பவருக்கு அமைதி, உள்ளே இதயம் அடித்துக்கொள்கிறது. ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 40 முறை துடிக்கும். முழு வேகத்தில் ஓடும்போது 200ஐத் தாண்டும். திடலுக்குள் போன அந்தப் பழுப்புக் குதிரைக்கு எவ்வளவு துடித்தது என்று யாரும் அளக்கவில்லை. கைதட்டிய நாங்கள் அதன் கால்களை மட்டுமே பார்த்தோம்.

சாட்டை ஒன்றுதான் வழி என்றில்லை. வாயைத் திறந்து கடிவாளத்தோடு போராடாமலிருக்க மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டும் பழக்கமும் உண்டு. சிட்னி பல்கலைக்கழகத்தில் 12 குதிரைகளை வைத்து இதைச் சோதித்து 2016ல் முடிவை வெளியிட்டார்கள். பட்டை மிக இறுக்கமானபோது வாயசைவு அடங்கியது, இதயத்துடிப்போ ஏறியது. அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் பட்டையின் இறுக்கத்தை அளக்க 2025ல் ஒரு கருவியையே கொண்டுவந்தது. மயக்க மருந்துகளுக்கு அங்கே தடை முன்பே உண்டு. இவை எல்லாம் குதிரையை அமைதிப்படுத்துபவை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அதன் பயம் நம் கண்ணில் படாமல் மறைக்கிறார்கள், அவ்வளவே. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கின் பயம் கண்ணுக்குத் தெரியாமல் போவது, அதன் மேல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் முதல் ஆபத்து.

உண்மையான வேலை பல வாரங்களுக்கு முன்பே, லாயத்தில் நடக்க வேண்டும். வேலியில் ஒரு தார்ப்பாயைக் கட்டலாம். முதல் நாள் தொலைவில், மடித்து. ஒலிபெருக்கிச் சத்தத்தைத் தொலைபேசியில் மெதுவாகப் போடலாம். லாரியில் ஏறுவதும் இறங்குவதும், எங்கும் போகாமலேயே, பழக வேண்டும். போட்டிக்குப் போகும்போது, பழகிய, அமைதியான குதிரை ஒன்றைத் துணைக்குக் கூட்டிச் செல்வது மிக நல்லது. இதுவும் டென்மார்க்கில் சோதிக்கப்பட்டது: ஏற்கெனவே பழகிய துணையோடு பயத்தைச் சந்தித்த இளம் குதிரைகள், பழகாத துணையோடு இருந்தவற்றைவிடக் குறைவாகவே பயந்தன. பிறகு தனியாக நின்றபோதும் அந்தப் பயன் தொடர்ந்தது. பயந்த குதிரையின் கழுத்தில் சிலர் பட்பட்டென்று தட்டுவார்கள். அதைவிட, பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1993லேயே காட்டினார்கள்.

பயிற்சி குதிரைக்கு மட்டும் போதாது. சுவீடனில் 2009ல் வெளியான ஓர் ஆய்வில், சிலரைக் குதிரையோடு ஒரே பாதையில் நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காவது முறைக்கு முன், "இந்தத் தடவை வழியில் ஒரு குடை திடீரென விரியும்," என்று மனிதர்களிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரியவேயில்லை. ஆனால் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது, குதிரைகளின் துடிப்பும் ஏறியது. குதிரைக்கு அந்த எச்சரிக்கை புரிந்திருக்காது. மேலே இருப்பவரின் உடல் புரிந்தது. அந்தப் பெண்ணின் கைகள் வாசலில் எவ்வளவு இறுகியிருந்தன என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அவளுக்கும் அது முதல் போட்டியாக இருந்திருக்கலாம்.

ஆகவே என் கோரிக்கை போட்டி அமைப்பாளர்களுக்கு. புதுக் குதிரைகளுக்கென்று ஒரு பார்வைச் சுற்று வையுங்கள். மதிப்பெண் வேண்டாம், பரிசு வேண்டாம். ஏறி வரலாம், கையில் பிடித்தும் வரலாம், துணைக் குதிரையோடும் வரலாம். குதிரைக்குப் போதும் என்று தோன்றினால் வெளியே போய்விடலாம். லாரி வாடகை, நுழைவுக் கட்டணம் எல்லாம் கொடுத்துவிட்டு வெறுமனே சுற்றிப் பார்த்துத் திரும்புவதா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், இது மலிவான விளையாட்டு இல்லை. ஆனால் டென்மார்க் குதிரைகளை நினைத்துப் பாருங்கள். மெல்லப் பழகியவை மற்றவற்றைவிடக் குறைந்த தடவைகளிலேயே கற்றன. செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும் என்ற வாதத்துக்கும் என் பதில் அதுதான்.

அன்று பிற்பகல், கூட்டம் கலைந்த பிறகு, அந்தப் பெண் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு மீண்டும் அந்த வேலிக்கு வந்தாள். முன்னால் ஒரு வயதான வெள்ளைக் குதிரையை யாரோ நடத்திப் போனார்கள். பழுப்புக் குதிரை தள்ளி நின்று பார்த்தது. மூச்சைச் சீறியது. ஓரடி வைத்தது, பின்வாங்கியது, மறுபடி வைத்தது. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். கடைசியில் கழுத்தை நீட்டி விளம்பரத் துணியை முகர்ந்து, அதன் ஓரத்தைக் கடித்து இழுக்கத் தொடங்கியது. துணியைக் காப்பாற்ற ஒருவர் ஓடிவந்தார்.