இன்னும் ஒருத்தர்!

ஓசூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் மும்மொழிப் புலவர்கள். தமிழில் 'இன்னும் ஒருத்தர்', கன்னடத்தில் 'இன்னொப்பரு', தெலுங்கில் 'இங்கொக்கரு'. மூன்றுக்கும் பொருள் ஒன்றே: ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளவும். இழுத்துக்கொள்கிறோம். சிப்காட் கேட்டில் பஞ்ச் அடிக்க ஏழு நிமிஷம்தான் பாக்கி. பின்னால் காலி ஆட்டோ வரும் என்பது தத்துவம். இந்த ஆட்டோ எதிரில் நிற்கிறது என்பது யதார்த்தம்.

தரையில் இதற்குத் தண்டனை பெரும்பாலும் சட்டை கசங்குவதோடு முடிந்துவிடும். தண்ணீர் அவ்வளவு தாராளமில்லை. இந்தப் பக்கம் தண்ணீர் என்றால் ராமநாயக்கன் ஏரி, கெலவரப்பள்ளி, மிஞ்சிப் போனால் கிருஷ்ணகிரி அணை. இவற்றை வைத்துக்கொண்டு கப்பல் கதை சொன்னால் சிரிப்பீர்கள். எனவே கேரளத்து வேம்பநாட்டுக் காயலுக்குப் போவோம். இந்தியாவிலேயே நீளமான ஏரி அது. கரையில் இருப்பவர்களுக்கு அங்கே படகு என்பது நமக்கு டவுன் பஸ் மாதிரி. டிக்கெட் உண்டு, டைம் டேபிள் உண்டு, நடத்துவது மாநில அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை. படகுகளுக்கு ராஜஹம்சம், மயில்வாகனம் என்றெல்லாம் பெயர் வைக்காமல் பஸ் மாதிரியே நம்பர் போட்டு ஓட்டினார்கள். அப்படி ஒன்று ஏ-53.

2002 ஜூலை 27, சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆலப்புழை மாவட்டம் முஹம்மாவிலிருந்து எதிர்க்கரை குமரகத்துக்குக் கிளம்பியது ஏ-53. அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். காரணம், அன்று கோட்டயத்தில் கேரள பி.எஸ்.சி.யின் கடைநிலை ஊழியர் தேர்வு. பியூன் வேலை சார். அதற்குத்தான் விடிகாலையில் குளித்து, பென்சில் சீவி, ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, காயலைத் தாண்டிப் பரீட்சை எழுதக் கிளம்பினார்கள்.

குமரகம் படகுத்துறைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது படகு கவிழ்ந்தது. 29 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று, ஒன்பது மாதக் குழந்தை.

செய்தி படித்த எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அவ்வளவு கூட்டத்தில் ஏன் ஏறினார்கள்?" சோபாவில் உட்கார்ந்து கேட்கச் சுலபமான கேள்வி. படகைவிட்டால் சாலை வழி, தண்ணீர்முக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பரீட்சை ஹாலின் கதவு மணியடித்ததும் மூடிவிடும். இந்த வாய்ப்பு போனால் அடுத்த அறிவிப்பு எப்போதோ, அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடலாம். உள்ளே கால் வைக்க இடமிருக்கிறது, படகு கிளம்புகிறது. நீங்களாக இருந்தால் இறங்கி நின்றிருப்பீர்களா? நான் ஏறியிருப்பேன். குரூப் ஃபோர் பரீட்சைக்குக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியபடி போன யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

ஆக, அவசரத்தில் இருப்பவனிடம் 'போதும், இனி ஏறாதே' என்கிற புத்தியை எதிர்பார்த்துப் பிரயோஜனமில்லை. அந்தப் 'போதும்' வேறு எங்காவது, முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர் சாமுவேல் ப்ளிம்சால் என்கிற ஆங்கிலேயர். நிலக்கரி வியாபாரியாக இருந்து பார்லிமெண்ட் மெம்பர் ஆனவர். அந்தக் காலத்தில் ஓட்டைக் கப்பலில் சரக்கை அமுக்கி ஏற்றி, இன்ஷூர் செய்து அனுப்புவார்கள். வந்தால் லாபம், மூழ்கினால் இன்ஷூரன்ஸ். மாலுமிகளுக்கு மட்டும் இரண்டாவது ஏற்பாட்டில் பங்கில்லை. அத்தகைய கப்பல்களுக்குச் 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே பெயர். ப்ளிம்சால் பார்லிமெண்டில் கத்திப் போராடி, 1876ல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு போட வேண்டும், தண்ணீர் அதற்கு மேல் வரும்படி சரக்கு ஏற்றக் கூடாது. இன்றைக்கும் பெரிய கப்பல்களில் வட்டத்தின் நடுவே ஒரு கோடு பார்க்கலாம், அதுதான்.

ஆனால் ஒரு தமாஷ். கோடு எங்கே போட வேண்டும் என்பதை முதலில் முதலாளி இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள். ஒருவர் புகைபோக்கியில் போட்டுக்கொண்டதாகக் கதை உண்டு. கோட்டின் இடத்தையும் சட்டமே தீர்மானிக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அத்தோடு தீர்ந்ததா என்றால் இல்லை. கோட்டை அழிக்க முடியாது, ஆனால் நகர்த்தலாமே?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே சுப்பீரியர் என்று ஓர் ஏரி. பரப்பு 82 ஆயிரம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதில் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஓடியது 'எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட்' என்ற சரக்குக் கப்பல். 729 அடி நீளம். 1958ல் வெள்ளோட்டம் விட்டபோது அந்த ஏரிகளிலேயே பெரிய கப்பல். பெயர் யாருடையது என்கிறீர்கள்? கப்பலுக்குச் சொந்தக்காரரான இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவருடையது! அது சுமந்த தாது டெட்ராய்ட் பக்கத்து ஆலைகளில் உருக்காகும். ஓசூரில் லாரி பாகம் செய்கிறவர்களுக்கு ஒருவகையில் பங்காளி.

1969, 1971, 1973 என மூன்று தடவை விதியைத் திருத்தி, குளிர்காலத்தில் அது இன்னும் ஆழ அமிழ்ந்து போகலாம் என்று அனுமதித்தார்கள். மொத்தம் 39 அங்குலம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். 'இன்னும் ஒருத்தர்' கதைதான், இங்கே டன் கணக்கில்.

1975 நவம்பர் 10. 26 ஆயிரம் டன் தாதுவோடு வந்த கப்பல் புயலில் மாட்டியது. 25 அடி அலை. ரேடார் போய்விட்டது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த கப்பல் இரவு ஏழு மணி சுமாருக்கு ரேடியோவில் விசாரித்தபோது வந்த பதில்: "சமாளித்துக்கொண்டிருக்கிறோம்." அதுதான் கடைசி. உதவி கேட்டு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அலை மேலே ஏறியதில் மூடிகள் வழியே தண்ணீர் புகுந்ததா, அடித்திட்டில் தட்டியதா என்று நிபுணர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அமிழ்ந்த 39 அங்குலம் எந்தக் கட்சிக்கும் சாதகமில்லை. கப்பலில் இருந்த அத்தனை பேரும் போனார்கள். எண்ணிக்கை, இங்கும் 29.

1995ல் அந்தக் கப்பலின் மணியை 530 அடி ஆழத்திலிருந்து வெளியே எடுத்து, பதிலுக்கு 29 பெயர்களும் பொறித்த இன்னொரு மணியைக் கீழே வைத்தார்கள்.

குமரகத்துக்கு நீதிபதி நாராயண குருப் கமிஷன் வந்தது. விசாரணை, அறிக்கை, நஷ்டஈட்டுப் பரிந்துரை. 2009ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர். அதற்கும் விசாரணை. 2023 மே 7ல் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகு, 22 பேர். அதற்கும் ஒரு கமிஷன். நம் ஊரில் கோட்டைப் போடுவது பெரும்பாலும் நீதிபதிதான், அதுவும் மூழ்கின பிறகு.

நல்லதும் நடக்காமலில்லை. அதே வேம்பநாட்டில், அதே துறை, 2017ல் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 'ஆதித்யா' என்று ஒரு படகு விட்டது. இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு. 75 பேருக்கு இருக்கை. இந்தத் தடவை பெயரும் வைத்தார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. 2002ல் பரீட்சை நடத்தியது அரசு நிறுவனம். படகு விட்டது அரசுத் துறை. தேர்வு என்றைக்கு, எந்த ஊரில், எத்தனை பேருக்கு என்பதெல்லாம் ஹால் டிக்கெட் அச்சான அன்றே ஒரு ஆபீசுக்குத் தெரியும். கரையில் எத்தனை படகு இருக்கிறது என்பது இன்னொரு ஆபீசுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு டெலிபோன் கால் தூரம்.

ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. 'காலை எட்டரைக்கு எல்லோரும் இருக்க வேண்டும்' என்று சர்க்குலர் டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவர் அநேகமாக உங்களில் ஒருவர்தான். ஒட்டுவதற்கு முன்னால் அந்த எட்டரைக்கு எத்தனை பேர், எதில் ஏறி வருவார்கள் என்று ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு உதைத்தால் மேனேஜரிடம் சொல்லி நேரத்தை மாற்றுங்கள், அல்லது இன்னொரு பஸ் கேளுங்கள். ப்ளிம்சாலின் கோடு அந்தப் பேப்பரில்தான் ஆரம்பிக்கிறது.

வருகிறவர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. "எப்படிப்பா வர்றே?" என்றால், கம்பியைப் பிடித்துத் தொங்கினபடி அவர்கள் சொல்லப்போகிற பதில் நமக்குத் தெரியும்:

"சமாளிச்சிட்டிருக்கேன் சார்."