கருவறையில் தொடங்கும் உரிமை

"சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்னும் பேச்சை வகுப்பறைகளில் கேட்டே நாம் வளர்ந்தோம். அன்று அதற்குக் கற்பிக்கப்பட்ட காரணம் பிறப்பு. தாயின் ஊட்டச்சத்துக் குறைவு குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது என்னும் அறிவியல் செய்தி பரவலாகிவரும் இன்று, அதே பேச்சு புதுச் சட்டை அணிந்து வரக்கூடும். எனவே அந்த அறிவியல் என்ன சொல்கிறது, சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது என்பதை நாமே பேசியாக வேண்டும்.

கருவின் மூளை தாயின் உடலிலிருந்தே கட்டப்படுகிறது. மூளைக்கும் தண்டுவடத்திற்கும் மூலமான நரம்புக்குழாய், கருவுற்ற ஏறத்தாழ 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமிலம் குறைந்தால் அது முழுமையாக மூடாமற்போகும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பம் தரித்ததைப் பல பெண்கள் அறிவதற்கு முன்பே இக்கட்டம் கடந்துவிடுகிறது. மூளை வளர்ச்சிக்கு அயோடினும் இரும்புச்சத்தும் இன்றியமையாதவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது.

இதனை விதியாகக் கொள்ளலாகாது என்பதற்கு நெதர்லாந்து சான்று. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவு வரத்தைத் தடுத்ததால் அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் வீழ்ந்தது. கருவின் தொடக்கத்தில் அக்கொடும் பட்டினிக்கு ஆட்பட்டோரிடையே மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. ஆயினும் அப்பட்டினிக் காலத்தில் கருவிலிருந்த ஆண்கள் 19 வயதில் இராணுவத் தேர்வுக்கு வந்தபோது, அவர்களது அறிவுத்திறனில் குறைவு தென்படவில்லை என்று ஸ்டெய்ன், சஸ்ஸர் குழுவினரின் 1972ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தாயின் பசி ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனால் குழந்தையின் எதிர்காலத்திற்கு அது தீர்ப்பெழுதிவிடுவதில்லை. அங்கே பட்டினி சில மாதங்களில் நீங்கியது, உணவு மீண்டது. நம் சேரிகளில் பசி தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பாட்டியும் தாயும் மகளும் ஒரே குறைவைச் சுமக்கிறார்கள். அதனைத் தொடரவிட்ட பொறுப்பு அரசுடையது.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013இன் 4ஆம் பிரிவு, கர்ப்ப காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின் ஆறு மாதங்களும் அங்கன்வாடி வழியாக இலவச உணவையும், 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகாலப் பயனையும் உரிமையாக்குகிறது. எத்தனையாவது பிரசவம் என்று அப்பிரிவு கேட்பதில்லை. ஒன்றிய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது குழந்தை பெண்ணானால் மட்டுமே 6,000 ரூபாய். சட்டம் கொடுத்ததைத் திட்டம் குறைக்கிறது. அக்குறைப்பு விழுவது கூலி வேலையை விட முடியாத நம் தாய்மார்களின் தட்டில்.

பியூசிஎல் தொடுத்த உணவுரிமை வழக்கில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி விரைவில் அமைய வேண்டும் என 2004இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மையம் ஊர்த்தெருவில் இருந்து, சாதியின் பெயரால் ஒரு கர்ப்பிணி வாசலில் தடுக்கப்பட்டால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் வழக்குக்குரியது. அவ்வழக்கைப் பதிய மறுக்கும் அதிகாரிமீது 4ஆம் பிரிவைப் பயன்படுத்தலாம்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் என்றும், அச்சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். அவ்வாதத்தை நாம் இன்று தொடர வேண்டும். நம் குடியிருப்பில் அங்கன்வாடி உள்ளதா, எத்தனை கர்ப்பிணிகளுக்கு உணவு சென்றது, எத்தனை பேருக்குப் பணம் மறுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கத் தொடங்கட்டும். வளரிளம் பெண்களின் உணவையும் அக்கேள்வியில் சேர்த்துக்கொள்வோம். கருவிலேயே தொடங்கும் அநீதிக்கு எதிரான வழக்கும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.