'ஃபார்மட் பண்ணிடலாம் சார்' என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை வழக்கம்போல கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கம்பெனி பெயர் வந்தது. அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. குளித்துவிட்டு வந்தேன், சுற்றுகிறது. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் சுற்றுகிறது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். அதே சுற்று. மூன்றாவது முறை ஏதோ நீலத் திரை வந்து ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. பயந்துபோய் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். (அந்த நீலத் திரைதான் எனக்கு உதவ வந்த திரை என்பது அப்போது தெரியாது. பின்னால் சொல்கிறேன்.)

2014-ல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. பழசுதான். போனால் போகிறது என்று விட்டுவிடலாம், உள்ளே இருப்பது வேறு எதுவாவது என்றால். 1985 முதல் 2014 வரை நம் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் எடுத்த பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ, மொத்தம் 29 படம், அதில்தான் இருந்தது. (30 வருடத்துக்கு 29 படம்தானா என்று கணக்குக் கேட்பவர்களுக்கு: 1991-ல் எடுக்கவில்லை. ஏன் என்று அந்த பேட்ச்காரர்களைக் கேளுங்கள்.) ஓய்வு பெற்ற வருடம் பொழுது போகாமல் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதி வைத்தேன். அடுத்த வருட மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கீழே பீரோவில் இருந்த ஆல்பம் கூழாகிப்போனது. கம்ப்யூட்டர் மாடியில் இருந்ததால் தப்பியது. ஆக, உங்கள் முகங்களுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரே பிரதி. இரண்டாவது பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த உங்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொன்னவன் நான்!

சி.பி.யூ.வை ஆட்டோவில் வைத்துக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி மரியாதையான பையன். போட்டுப் பார்த்தார், இரண்டு நிமிடம் இருக்கும். "ஓ.எஸ். போயிடுச்சு சார். ஃபார்மட் பண்ணிடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்றார்.

"உள்ளே இருக்கிறது என்ன ஆகும் தம்பி?"

"சி டிரைவ்ல இருக்கிறது போயிடும் சார். டி டிரைவ்ல வச்சிருந்தா இருக்கும்."

நான் எங்கே வைத்திருந்தேன்? டெஸ்க்டாப்பில். திரையில் கண்ணுக்கு எதிரே இருந்தால் பத்திரம் என்று நினைத்திருந்தேன். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சாதாரணமாக சி டிரைவுக்குள்தான் போய் உட்காரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"வேண்டாம் தம்பி, கொண்டுபோறேன்" என்றேன். "பார்த்ததுக்கு எவ்வளவு?" என்று கேட்டதற்கு, "சும்மா பார்த்ததுக்கு எதுக்கு சார் காசு" என்றார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து, 2001-ல் பத்தாவது முடித்த ஒரு பெண்ணுக்குப் போன் செய்தேன். பெங்களூரில் இந்தத் துறையிலேயே வேலை. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் புலம்பி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சார், ஃபார்மட்டெல்லாம் அப்புறம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க, எந்த இடத்துல நிக்குது?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் நான் கேட்ட கேள்வி அது. சுற்றை இணைத்து சாவியைப் போட்டால் பல்பு எரியாது. உடனே எல்லாரும் ஒரே குரலில், "பல்பு போச்சு சார்!" பல்பை விடு, மின்சாரம் எதுவரைக்கும் வருகிறது என்று பார், பேட்டரியிலிருந்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டு வா என்பேன். பாதி நேரம் துருப்பிடித்த கம்பி முனைதான் காரணமாக இருக்கும். ஃபார்மட் என்பதும் பல்பை மாற்றுவது மாதிரிதான், பல்போடு சேர்த்து வீட்டுச் சாமான்களையும் தெருவில் வீசிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்ப்யூட்டர் எழுந்திருப்பதை நம் பள்ளி திறப்பதோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். முதலில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து ஒரு சுற்று பார்ப்பார். அது பயாஸ். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுப்பார். அவர்தான் விண்டோஸ். அவர் வந்த பிறகு ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள்தான் டிரைவர்கள், அதாவது திரைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று அந்தந்தக் கருவியை வேலை வாங்கும் மென்பொருள்கள். எல்லாரும் வந்தால்தான் பிரேயர். ஒருவர் வாசலிலேயே மயங்கி விழுந்தால் பிரேயர் நின்றுபோகும். பள்ளியை இடித்துக் கட்ட வேண்டுமா என்ன?

திரையே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் வாட்ச்மேன் நிலையிலேயே தகராறு. பெரும்பாலும் ராம் பலகையின் தொடுமுனை அழுக்காகியிருக்கும், மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கழற்றி, ரப்பரால் துடைத்துப் போடுவார்கள். கம்பெனி பெயர் வந்து, புள்ளியே வராமல் உறைந்து நின்றால், பென் டிரைவ், பிரிண்டர், கார்டு ரீடர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். செருகி மறந்த பென் டிரைவ் ஒன்றே வழிமறித்து நிற்கும். தேதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும்.

என்னுடையதில் புள்ளிகள் சுற்றின. "அப்படின்னா விண்டோஸ் ஆரம்பிச்சிடுச்சு சார், பாதி வழியில யாரோ மறிக்கிறாங்க" என்றாள். எல்லா ஒயரையும் பிடுங்கச் சொன்னாள். மாற்றமில்லை. அடுத்து, "புள்ளி சுத்தும்போது பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. ரெண்டு தடவை. மூணாவது தடவை அதுவே ஒரு திரை காட்டும்" என்றாள். நான் பிளக்கைப் பிடுங்கிய அதே நீலத் திரை! தொடர்ந்து எழ முடியாமல் போனால் விண்டோஸ் 10 தானாகவே திறந்துவிடும் பழுதுபார்க்கும் வாசல் அது. அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்தச் சொன்னாள். சேஃப் மோட். அந்தக் காலத்தில் எஃப்8 அழுத்துவோமே, விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது சாதாரணமாக வேலை செய்வதில்லை.

சேஃப் மோட் என்றால் அத்தியாவசியமான ஆட்களை மட்டும் வைத்துப் பள்ளியைத் திறப்பது. பெரிய பெரிய எழுத்தாக, கறுப்புப் பின்னணியில் திரை வந்தது. டெஸ்க்டாப்பில் அந்த மஞ்சள் ஃபோல்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"வேற எதையும் தொடாதீங்க சார். முதல்ல பென் டிரைவ்ல காப்பி." எடுத்தேன். அதற்கு அப்புறம்தான் விசாரணை. "கடைசியா என்ன புதுசா போட்டீங்க?" ஒன்றும் போடவில்லை என்று சாதித்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவள் மூன்றாவது முறை கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. முதல் நாள் ராத்திரி ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது, 'உங்கள் கம்ப்யூட்டரின் 14 டிரைவர்கள் பழையவை, உடனே புதுப்பியுங்கள்' என்று ஒரு விளம்பரம் வந்தது. அழுத்தினேன். அது திரைக்கான டிரைவரை மாற்றி, இந்தப் பழைய மெஷினுக்குப் பொருந்தாத ஒன்றைப் போட்டுவிட்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டனை அழுத்தினேன். ரீஸ்டார்ட். புள்ளிகள் நாலு சுற்று சுற்றின, என் திரை வந்துவிட்டது. முதல் வேலையாக அந்த விளம்பர மென்பொருளையும் எடுத்தெறிந்தேன். மொத்தம் முக்கால் மணி நேரம், அதில் பாதி நேரம் நான் கண்ணாடி தேடியது.

இது ஏதோ வீட்டுக் கம்ப்யூட்டர் கதை என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழ முடியாமல் நீலத் திரையில் விழுந்து விழுந்து கிடந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு நிறுவனமே சொன்ன வைத்தியம் என்ன? சேஃப் மோடில் போய், பழுதான அந்த ஒரு கோப்பை மட்டும் அழி. பெரிய பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து அதைத்தான் செய்தார்கள். அவ்வளவு பெரிய விபத்திலேயே முதல் மருந்து ஃபார்மட் இல்லை.

கடைத் தம்பியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் நிலையில் நின்று பாருங்கள். மேசையில் வரிசையாகக் காத்திருக்கும் மெஷின்கள், கடை வாடகை, "சாயங்காலம் கிடைக்குமா?" என்று அவசரப்படுத்தும் நாம். ஃபார்மட் செய்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும், காசும் வரும். காரணம் தேட ஆரம்பித்தால் அரை நாள் ஆகலாம், கண்டுபிடித்தாலும் "ஒரு பட்டனை அழுத்தினதுக்கா ஐந்நூறு ரூபாய்?" என்று நாமே கேட்போம். நோயைக் கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை, மருந்துக்குக் கொடுப்போம். டாக்டரிடம் போனாலும் ஊசி போட்டால்தானே நமக்குத் திருப்தி? என் கட்சி இதுதான்: பார்ப்பதற்கென்று ஒரு தொகையைக் கடைக்காரர் கேட்க வேண்டும், நாமும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். "எந்த இடத்தில் நிற்கிறது, ஏன்?" என்று பதில் சொன்ன பிறகு ஃபார்மட் என்றால் செய்யட்டும், நான் தடுக்கவில்லை. சில நேரம் அதுதான் வழி. அப்போதும், 'கீப் மை ஃபைல்ஸ்' என்று கோப்புகளை வைத்துக்கொண்டே விண்டோஸை மட்டும் புதிதாகப் போடும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எல்லாக் கதையும் என் கதை மாதிரி முடிவதில்லை. மைத்துனர் வீட்டில் நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவருடைய லேப்டாப்பும் இதேபோல நின்றது, ஆனால் கூடவே 'டக், டக்' என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்த சத்தம் அது. அவர் இரண்டு நாள் விடாமல் அணைத்து அணைத்துப் போட்டார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு ராத்திரி முழுக்க டிஸ்க் செக் ஓடவிட்டார். மூன்றாம் நாள் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது. மகளுடைய கல்யாணப் படங்கள் முழுவதும் போயின. அந்தச் சத்தம் கேட்டால் ஒரே வேலைதான், அணைத்துவிட்டுத் தொடாமல் இருப்பது. தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோனால் செலவாகும், கிடைக்கும் என்று உறுதியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இருக்கிற வாய்ப்பு குறைகிறது. சத்தமில்லாமல் விண்டோஸ் மட்டும் எழவில்லை என்றால், உபுண்டு போட்ட பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, எதையும் நிறுவாமலே கோப்புகளைக் காப்பி எடுக்கலாம். தெரிந்த பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குச் செய்து கொடுங்கள்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வருபவை பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது, பிட்லாக்கர் என்று பெயர். பழுதுபார்க்கப் போனால் 48 இலக்க எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அது இருக்கும். இன்றைக்கே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு எங்கே என்று வீட்டுக்காரம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

29 படங்களும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: கம்ப்யூட்டரில், பென் டிரைவில், பெங்களூரில் அந்தப் பெண்ணிடம். ஞாயிற்றுக்கிழமை முதல் தினம் ஒரு படமாக இங்கே போடுகிறேன். திரும்பப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. 1993 படத்தில் மூன்றாவது வரிசை, இடது ஓரம், சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய பையனுக்கு மட்டும் நான் பெயர் எழுதவில்லை. இரண்டு நாளாக யோசிக்கிறேன், முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. அந்த பேட்ச்காரர்கள் யாராவது சொல்லுங்கப்பா.